நாற்பத்தோரு படிகள்

அத்தியாயம் ஒன்பது

பேருந்து புதுச்சத்திரம் தாண்டியதும் ஜெயராணியின் போன் அடித்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து வினோதினி, அண்ணனின் மென்பொருளைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பவள்.

"அக்கா, ஏறிடுச்சு! ஒரே ஒரு கட்டளதான் அடிச்சேன். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் எழுந்து ஒக்காந்துடுச்சு!"

ஜெயராணி கண்ணை மூடித் திறந்தாள். மூன்று வாரமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

"அறிக்கை எடுத்துப் பாத்தியா?"

வினோதினியின் குரல் இறங்கியது. "பூஜ்யம் வருதுக்கா. ஆறாயிரத்துச் சொச்சம் அழைப்பும் உள்ள இருக்கு. காத்துக் கணக்குதான் இல்ல. காத்து இல்லாம அறிக்கை வர மாட்டேங்குது."

"முப்பத்தி நாலாவது படி."

"ஆமாக்கா. அதேதான். உங்கண்ணனக் கேட்டாதான் உண்டு."

"அங்கதான் போய்க்கிட்டிருக்கேன்" என்று சொல்லி ஜெயராணி போனை மடியில் வைத்தாள். மணி ஏழு இருபது. சிதம்பரத்தில் ஏறும்போதே கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டாள். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அறிக்கை கைக்கு வந்தாக வேண்டும்.

அவள் அண்ணன் ஆரோக்கியராஜ் எழுதிய மென்பொருளுக்கு 'வாடை' என்று பெயர். குடிகாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ரசாயன நெடி வந்தால் ஜனங்கள் ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். வாடை திருப்பிக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்கும். எந்தத் தெரு, என்ன மாதிரி நெடி, யாருக்காவது மூச்சு முட்டுகிறதா. பதில்களைத் தேதியோடும் நேரத்தோடும் பதிந்துகொண்டு, அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதோடு பொருத்திப் பார்க்கும். தாய் முத்தம்மாள் குடிகாட்டு வீட்டில் மூச்சு முட்டி இறந்த வருஷம் அவன் இதை ஆரம்பித்தான். நாலு வருஷம் ஆகிவிட்டது.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், தங்கள் ஊரில் ஓட்டலாம் என்று அதைப் பொதுவில் வைத்திருந்தான். எடுத்தவர்கள் யாராலும் ஓட்ட முடியவில்லை என்பது வேறு விஷயம். அவன் எழுதிவைத்த நிறுவும் குறிப்பில் நாற்பத்தோரு படிகள். ஒருவருக்கு ஏழாவது படியில் நின்றது, இன்னொருவருக்குப் பத்தொன்பதாவதில். ஒருவர் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று பழைய பதிப்பாக இருக்கும், மற்றவருடையதில் அதுவே புதிதாக இருக்கும். உதவி செய்ய வந்தவர்களில் பாதிப் பேர் இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒழுங்காக ஓடியது ஒரே ஒரு இடத்தில். மஞ்சக்குப்பம் வீட்டில், ஆரோக்கியராஜின் மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரில்.

"எல்லாத்தயும் ஒரு கன்டெய்னர்ல போட்டுடுண்ணா" என்று ஜெயராணி போன வருஷமே சொன்னாள். நிரலையும், அது ஓடுவதற்கு வேண்டிய மற்ற அத்தனையையும், எந்தப் பதிப்பு தேவையோ அதே பதிப்பில் ஒரே கட்டாகக் கட்டிவிடுவது. யார் கம்ப்யூட்டரில் பிரித்தாலும் உள்ளே ஒன்றுபோல ஓடும்.

"எனக்கு ஓடுதுல்ல? அப்பறம் பாக்கலாம்" என்றான் அவன்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஆலப்பாக்கத்துப் பக்கம் ஒரு லாரி அவன் பைக்கைத் தட்டிவிட்டுப் போனது. தலையில் அடி. பிழைத்துக்கொண்டான். ஆனால் பேச்சு கலைந்துவிட்டது. தண்ணீரைச் சாவி என்கிறான், சோற்றையும் சாவி என்கிறான். வலது கை பாதிதான் கேட்கிறது. அவன் மருத்துவமனையில் இருந்த வாரத்திலேயே மின்சாரம் ஏறி இறங்கி மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரும் கருகிப்போனது. நகல் எடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் மிச்சம்.

அதைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போய், வேலை முடிந்த பிறகு கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஜெயராணி ஒவ்வொரு படியாகக் கட்டிக்கொண்டு வந்தாள். முப்பத்து மூன்று படிகள் அடங்கிவிட்டன. முப்பத்தைந்திலிருந்து கடைசி வரைக்கும்கூட அடங்கிவிட்டன. முப்பத்து நாலாவதில் அண்ணன் இப்படி எழுதியிருந்தான்: 'காத்துக் கோப்பை வழக்கமான இடத்திலிருந்து எடுத்துப் போடவும்.'

எது வழக்கமான இடம்?

பேருந்து குடிகாட்டைத் தொட்டது. முன் சீட்டில் இருந்த பெண் பேச்சை நிறுத்தாமலே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கிகள் வரிசையாகப் போயின. அவற்றில் ஒரு ஆலை இப்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்காகப் பெருக்க அனுமதி கேட்டிருந்தது. அதற்குத்தான் வியாழக்கிழமை மஞ்சக்குப்பத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். எழுத்தில் ஆதாரம் கொடுப்பவர்கள் இன்றைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அதே ஆலையில்தான் அவள் அப்பா தேவசகாயம் இருபத்திரண்டு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. அண்ணனும் அவளும் படித்தது அந்தக் கூலியில். வீட்டில் அப்பா எதிரில் யாரும் வாடையைப் பற்றிப் பேசுவதில்லை. அவரும் கேட்டதில்லை.

*

மஞ்சக்குப்பம் வீட்டில் அண்ணி மாலதி கணவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் தோளில் லேப்டாப் பையைப் பார்த்ததும் கரண்டி நின்றது.

"கேக்கப் போறியா?"

"ஒரே ஒரு கேள்விதான் அண்ணி."

"போன மாசமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்ட. ரெண்டு நாளு சாப்புடல. செவுத்துல தலைய முட்டிக்கிட்டாரு. நீ பஸ் ஏறிப் போயிட்ட. பாத்துக்கிட்டுக் கெடந்தது நானு."

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும் அண்ணி. அவரு நாலு வருஷம் பண்ணது."

மாலதி கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டாள்.

ஆரோக்கியராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தான். முப்பத்து மூன்று வயது. மழித்த தலையில் தையல் போட்ட இடம் மட்டும் முடி முளைக்காமல் பளபளத்தது. தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பெயர்தான் வரவில்லை.

ஜெயராணி அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினாள்.

"அண்ணா, நீ எழுதுனதுதான். இங்க பாரு. காத்துக் கோப்ப வழக்கமான எடத்துலேர்ந்து எடுக்கணும்னு இருக்கு. எந்த எடம்ணா?"

அவன் எழுத்துகளை உற்றுப் பார்த்தான். உதடு அசைந்தது.

"சாவி."

"அவசரம் இல்ல. யோசிச்சு சொல்லு. காத்து. காத்து எங்க இருக்கு?"

"சாவி... சா..." நெற்றி நரம்பு புடைத்தது. இடது கையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் நீட்டினான். "சாவி!"

"தண்ணி வேணுமா? அண்ணி, தண்ணி கேக்குறாரு."

மாலதி டம்ளரோடு வந்தாள். அவன் அதைத் தட்டிவிட்டான். மறுபடியும் கையை நீட்டினான். மறுபடியும் அதே சொல். ஜெயராணிக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரியவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நொடி ஸ்டூல் உருண்டது. கஞ்சி லேப்டாப்பின் மேல் கொட்டியது. அவன் வாயைக் கோணிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல ஓங்கி அழுதான்.

மாலதி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்து போ ராணி."

"அண்ணி..."

"போன்னு சொல்றேன்ல!"

ஜெயராணி லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்துத் துணியால் துடைத்தபடி முன்னறைக்கு வந்தாள். உள்ளே அழுகை அடங்கி, விசும்பலாகி, அதுவும் நிற்க அரை மணி நேரம் ஆனது.

மாலதி வெளியே வந்தபோது முகத்தில் கோபம் வடிந்திருந்தது. அதைவிட மோசமான ஏதோ ஒன்று இருந்தது.

"ஒன்ன ஒண்ணு கேக்குறேன். அவரு இல்லாமலே இது ஓடணும். அதான ஒனக்கு?"

"யாரு வேணாலும் ஓட்டணும் அண்ணி. எல்லாத்தயும் ஒரே கட்டா கட்டிட்டா..."

"அதத்தான் நானும் சொல்றேன். பெங்களூர்லேர்ந்து கூப்புடுறாங்க, மதுரையிலேர்ந்து கூப்புடுறாங்க. ராஜ் எப்ப வருவாரு, எப்ப சரியாவாருன்னு கேக்குறாங்க. ஏன் கேக்குறாங்க? அவரில்லாம ஓடல. அதனால கேக்குறாங்க. நாளைக்கு எல்லார் வூட்டுலயும் ஓடுச்சுன்னா யாரு கேப்பா? இந்த நாக்காலியில ஒருத்தன் ஒக்காந்திருக்கான்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட ஜெயராணி இப்படி யோசித்ததில்லை.

*

பதினோரு மணி வரைக்கும் அவள் ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்துகொண்டிருந்தாள். கஞ்சி பட்டதில் இரண்டு எழுத்து வேலை செய்யவில்லை. காற்று, விண்டு, வானிலை என்று எந்தப் பெயரில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

அடுப்படியில் ஒரு போன் அடித்தது. ஒரே ஒரு மணி. உடனே நின்றுவிட்டது.

மாலதியின் போன் முன்னறையில் அல்லவா இருக்கிறது? ஜெயராணி எட்டிப் பார்த்தாள்.

அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் பட்டன் வைத்த சின்ன போன் ஒன்று சார்ஜில் கிடந்தது. மாலதி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"விருத்தாம்பாக்கா, சொல்லுங்க. எந்தத் தெருவுல?"

"எங்க தெருதாம்மா. குடிகாடு மேலத் தெரு." இருமல் வந்தது. "விடியக்காலத்துலேர்ந்து அழுவுன முட்ட நாத்தம். கண்ணு எரியுது."

"யாருக்காச்சும் மூச்சு முட்டுதா?"

"பக்கத்து வூட்டுச் சாமிக்கண்ணுக்கு முட்டுது. ஆட்டோ சொல்லியிருக்கோம்." கொஞ்சம் நிறுத்தி, "தம்பி எப்பிடி இருக்காரு? பேசுறாரா?"

"பேசுறாருக்கா" என்றாள் மாலதி. "கொஞ்சம் கொஞ்சமாப் பேசுறாரு."

போனை வைத்துவிட்டு, அலமாரிக்குள்ளிருந்து நீட்டு நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தாள். ஜெயராணி அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். கட்டம் கட்டிய பக்கங்கள். தேதி, நேரம், பெயர், தெரு, நெடி, மூச்சு. பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தது.

"எப்போலேர்ந்து அண்ணி?"

"மிஷின் எரிஞ்ச அன்னிலேர்ந்து. சிம்ம எடுத்து இந்தப் போன்ல போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுக்காம எப்பிடி இருக்கறது?"

"இந்தக் கடேசிக் கட்டம் என்னா? வ.கி. பன்னண்டுன்னு போட்டிருக்கீங்க?"

"காத்து. வட கெழக்கு. வேகம் பன்னண்டு."

ஜெயராணி நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இத எங்கேர்ந்து எடுக்குறீங்க?"

"துறைமுகத்துக் காத்துக் கணக்க நெட்டுல போடுறாங்கல்ல? மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா இருக்கும். முந்தின நாளுக்கு உள்ளத காலையில எட்டு மணிக்கு நாந்தான் எழுதி வெப்பேன். சோறு ஒரு பக்கம் கொதிக்கும், இத ஒரு பக்கம் போட்டுடுவேன். நாலு வருஷமா."

"நீங்களா?"

"பின்ன? அவரு ஆபீஸ் கெளம்புற அவசரத்துல அதெல்லாம் பண்ணுவாரா?"

"எங்க போட்டு வெப்பீங்க?"

"என் பேர்ல வெச்சுக் குடுத்திருந்தாரு. மாலுன்னு இருக்கும்."

ஜெயராணி ஓடிப்போய் லேப்டாப்பைப் பார்த்தாள். ஹார்ட் டிஸ்க்கில் 'மாலு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. முதல் நாளிலிருந்தே அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கல்யாண போட்டோவாக இருக்கும் என்று திறக்கவே இல்லை. திறந்தாள். நாளுக்கு ஒன்றாக ஆயிரத்து நானூறுக்கு மேல் கோப்புகள்.

அண்ணன் தண்ணீர் கேட்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற மனைவியைத்தான் கையை நீட்டிக் காட்டியிருக்கிறான்.

"ஏன் அண்ணி சொல்லல? மூணு வாரமாத் தேடுறேனே."

"யாரு என்னக் கேட்டீங்க?" மாலதி குரலை உயர்த்தவில்லை. "நீ அவரக் கேட்ட. டிஸ்கக் கேட்ட. பெங்களூர்க்காரங்களக் கேட்ட. காத்து எங்க இருக்குன்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

ஜெயராணி தலை குனிந்தாள். வாடைக்கு உழைத்தவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பதினோரு பேர். பெங்களூரில் இருக்கும் மூன்று பேர், வெளிநாட்டில் ஒருவர், வினோதினி, அவள், இன்னும் சிலர். மாலதி பெயர் இல்லை.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல" என்றாள் மாலதி, நோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஓடிடுமேன்னு பயந்துகிட்டுத்தான் இருந்தேன்." பிறகு நோட்டை மூடி நாத்தனாரின் மடியில் வைத்தாள். "அந்தாளு ஆட்டோவுல போய்க்கிட்டிருக்காரு. நான் எழுதி அலமாரியில வெச்சு என்னா ஆவப் போவுது? எடுத்துக்க."

*

அதற்குப் பிறகு பேசிக்கொள்ள நேரமில்லை. நோட்டில் நூற்று எழுபத்தோரு அழைப்புகள். மாலதி படிக்கப் படிக்க ஜெயராணி ஏற்றினாள். வராத இரண்டு எழுத்துகளுக்காகப் பக்கத்து வீட்டில் ஒரு பழைய கீபோர்டு வாங்கிவந்தார்கள். சோறு வடிக்கவில்லை. ஆரோக்கியராஜுக்கு மட்டும் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தார்கள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

இரண்டே கால் மணிக்குக் காற்றுக் கோப்புகளையும் சேர்த்துக் கட்டி வினோதினிக்கு அனுப்பினாள். பிறகு நிறுவும் குறிப்பைத் திறந்தாள். இனி நாற்பத்தோரு படிகள் வேண்டாம். ஒரே வரி போதும்.

அழிக்கப்போன விரல் கொஞ்சம் தயங்கியது. பன்னிரண்டாவது படியில் 'இது முடிய நேரமாகும், போய் டீ குடிச்சிட்டு வாங்க' என்று எழுதியிருந்தான். இருபத்தாறாவதில் 'இங்கே தப்பு வந்தால் பயப்படாதீங்க, எனக்கும் வந்துச்சு.' அண்ணன் பேசுவது அப்படியே அதில் இருந்தது. இப்போது அவனிடம் இல்லாத பேச்சு.

அழித்தாள். பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒரு பெயரைச் சேர்த்தாள்.

பத்து நிமிஷத்தில் வினோதினி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, வந்துடுச்சு! மொத்தம் ஆறாயிரத்து முந்நூத்தி எம்பத்தஞ்சு. அதுல நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு ஆலைப் பக்கத்துலேர்ந்துதான் காத்து அடிச்சிருக்கு. பெங்களூருக்கும் அனுப்புனேன். அங்கயும் ஒரே தடவையில ஓடிடுச்சாம்." சற்றுத் தயங்கினாள். "திருப்பிக் கூப்புடுறதும் ஓடுதான்னு பாத்துடவா? சோதன நம்பர்னு ஒண்ணு போட்டிருக்கு."

"பாரு."

மாலதியின் போன் அடித்தது. சோதனை நம்பர் அவளுடையது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கங்க. வாடையிலேர்ந்து பேசுறோம்" என்றது ஆரோக்கியராஜின் குரல்.

தெளிவான குரல். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, நிதானமாக. நாலு வருஷத்துக்கு முன் இதே அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பதினைந்து தடவை திருத்தித் திருத்திப் பதிந்த குரல். மாலதிதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க தெருவுல இப்ப நெடி வருதா? வருதுன்னா ஒண்ண அழுத்துங்க."

மாலதி அழுத்தவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்காலி கிரீச்சிட்டது. ஆரோக்கியராஜ் திரும்பிப் பார்த்தான். தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டான்.

"யாரு?" என்றான்.

இரண்டு மாசத்தில் சரியான இடத்தில் விழுந்த முதல் சொல்.

"நீங்கதான்" என்றாள் மாலதி. "நீங்கதாங்க பேசுறீங்க. கேளுங்க."

அவன் இல்லையென்று தலையாட்டினான். போனையே பார்த்துக்கொண்டு, மரியாதையோடு சொன்னான்:

"நல்லா... பேசுறான்."

ஜெயராணி எழுந்து முன்னறைக்குப் போய்விட்டாள்.

*

அறிக்கை முப்பத்தெட்டுப் பக்கம். மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, ஆதாரம் வாங்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். பக்கத்து வீட்டு அம்மா ஆரோக்கியராஜுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார்.

"தொகுத்தவர்னு போட்டு இங்க ஒரு கையெழுத்து வேணும்" என்றார் எழுத்தர். "யாரு?"

ஜெயராணி பேனாவை மாலதியிடம் நீட்டினாள்.

"எனக்கு என்னா தெரியும்னு..."

"நாலு வருஷக் காத்து தெரியும் அண்ணி. போடுங்க."

மாலதி இனிஷியலோடு, மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினாள். எழுத்தர் முத்திரை குத்தி ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பட்டன் போன் அடித்தது. இந்தத் தடவை நிற்காமல் அடித்தது. விருத்தாம்பாள்.

சாமிக்கண்ணு மத்தியானமே மருத்துவமனை வாசலில் போய்விட்டாராம்.

இரண்டு பேரும் மைதானத்து ஓரமாகவே நடந்தார்கள்.

*

தேவசகாயம் ஆறரை மணிக்குச் சைக்கிளை வெளியே சாத்திவிட்டு உள்ளே வந்தார். இந்த வாரம் அவருக்குப் பகல் வேலை. மகள் வந்திருப்பதைப் பார்த்துத் தலையசைத்தார். மகனுக்கு எதிரில் போய் நின்று அவன் கன்னத்தைத் தொட்டார். அது தினமும் செய்வது.

"சாமிக்கண்ணு செத்துட்டாராம்பா" என்றாள் ஜெயராணி.

"கேட்டுலயே சொன்னாங்க." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எங்கூட வேல செஞ்சவன். பழைய ஆளு."

அப்போதுதான் மேசைமேல் இருந்த அறிக்கைக் கட்டு அவர் கண்ணில் பட்டது. மாலதி எடுத்து மறைக்கப் போனாள். ஜெயராணி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். எண்கள், தெருக்கள், படங்கள் எல்லாவற்றையும் தள்ளினார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். அரை மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் கூப்பிட்ட இரவுகளை மட்டும் தேதி, நேரத்தோடு அதில் வாடை தொகுத்திருந்தது. அறுபத்து மூன்று இரவுகள்.

அவர் விரல் முதல் வரியிலிருந்து இறங்கியது. நாலாவது வரியில் நின்றது. பிறகு ஒன்பதாவது வரியில். பதினாலில்.

"என்னப்பா?"

"இது பெரிய வியாழன்" என்றார். "கோயிலுக்கு வர முடியாதுன்னு ஒங்கிட்ட சொன்னேன். இது புயல் அடிச்ச ராத்திரி, எங்கள வூட்டுக்கு அனுப்பல. இது கிறிஸ்மஸுக்கு மறுநாளு."

"இந்த ராத்திரியெல்லாம் எப்பிடிப்பா தெரியும்?"

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பேச ஆரம்பிக்கும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தே பேசினார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு மேல மேஸ்திரி வருவாரு. தொட்டியில கேஸ் ஜாஸ்தியாயிடுச்சு, தொறந்து வுடும்பாரு. காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு அவுங்க பாக்கறதில்ல. ரெண்டு பேருதான் அந்த வால்வத் தொறப்போம். நானு, அப்பறம் சாமிக்கண்ணு. அவன் வேலைய வுட்டு நின்னு மூணு வருஷம் ஆவுது, இப்ப வேற ஆளு."

ஆரோக்கியராஜ் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். என்ன பேசுகிறார் என்று அவனுக்குத் தெரிந்ததா, யாருக்கும் தெரியவில்லை.

"இதுல பாதி ராத்திரி என் ஷிப்ட்டு ராணி. எம்புள்ள எழுதி வெச்சிருக்கறது என் வேலைய."

கேட்கக்கூடாது என்று தோன்றிய கேள்வி ஜெயராணியின் வாயில் வந்துவிட்டது.

"அம்மா போன அன்னிக்கு?"

அவர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து மடக்கினார்.

"அந்த வாரமும் நைட்டுதான்" என்றார்.

மாலதி போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து மாமனாருக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, இத வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஒங்களத்தான் புடிச்சு உள்ள வெப்பாங்க."

"வியாழக்கெழம கூட்டத்துல இதச் சொல்லுங்கப்பா" என்றாள் ஜெயராணி, அதே மூச்சில்.

தேவசகாயம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.